அடைமழை பிடிக்குமுன் எர்த்தைப் பார்க்க வேண்டும்

கச்சான் அடங்கிவிட்டது. பதுளையில் இனிக் காலையில் வெயில், பிற்பகலில் இடியோடு மழை. ஐப்பசி, கார்த்திகை இப்படியே போகும். அதன்பின் வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் தை முடியும்வரை ஈரம் விடாது. அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் பின்னேரமே மூடுபனி இறங்கிவிடும். தோட்டத்துப் பங்களாவிலோ நகரத்துக் கராஜிலோ ஒரு பழைய எம்ஜிபியையோ ட்ரையம்பையோ ஆசையோடு வைத்திருப்பவர்கள், அதன் வயரிங்கைத் திறந்து பார்க்க வேண்டிய வாரங்கள் இவை.

ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அந்தப் பருவம் நெருங்கும்போதுதான் பலர் காரைக் கராஜுக்கு அனுப்புகிறார்கள். அது பிந்திய வேலை. அதற்குள் மழைக்கால ஈரம் செம்பில் பச்சைக்களிம்பு ஏற்றிவிட்டிருக்கும்.

இந்தக் கார்களின் மின்சாரச் சாமான்கள் பெரும்பாலும் பெர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பனி செய்தவை. லைட் அணைந்தாலும் வைப்பர் நின்றாலும் லூகாஸைத் திட்டுவது உலக வழக்கம். அது நியாயமில்லை. அறுபது வருடம் ஓடிய காரில் முதலில் கெடுவது வயரோடு வயர் சேரும் மூட்டும், கறுப்பு வயர் காரின் தகட்டைத் தொடும் இடமான எர்த்தும்தான். பெட்டரியிலிருந்து வயர் வழியே போகும் மின்சாரம் தகடு வழியேதான் திரும்பி வருகிறது. அந்தத் தகட்டில் துருவோ பெயின்டோ இருந்தால் புது பல்ப் போட்டாலும் மினுக் மினுக்கென்றே எரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் முனையிலும், மற்றதைப் பெட்டரியின் எர்த் கம்பத்திலும் வைக்க வேண்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. ஒரு வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ ஒரு மூட்டு அதைத் தின்கிறது. 12 வோல்ட்டில் ஒன்று குறைந்தாலே பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். அப்புத்தளைப் பனியில் எதிரே பஸ் வரும்போது அந்தக் கால்பங்கு மிகவும் வேண்டியது.

எம்ஜிபியில் முதலில் பார்க்க வேண்டியது முன் கிரில்லுக்குப் பின்னால் உள்ள மூட்டுகள். தோட்டா வடிவப் பித்தளை முனைகள் கறுப்பு ரப்பர் உறைக்குள் செருகியிருக்கும். உறையை உருவினால் பச்சைப் பொடி கொட்டும். முனையை எமரித் தாளால் மினுங்கத் தேய்த்து, உறையை மாற்றி, வாஸ்லின் தடவிச் செருக வேண்டும். அடுத்தது இருக்கைக்குப் பின்னால் தரைக்குக் கீழே இருக்கும் பெட்டரி. 1974 வரை அங்கே 6 வோல்ட் பெட்டரிகள் இரண்டு இருந்தன. ரோட்டுத் தண்ணீர் நேரே அடிக்கும் இடம் அது. அங்குள்ள எர்த் போல்ட்டைக் கழற்றி, தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துத்தான் திரும்ப முறுக்க வேண்டும். எஞ்சினையும் தகட்டையும் இணைக்கும் பட்டையையும் மறக்கக் கூடாது. அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கேபிள் வழியே திரும்பும். கேபிள் சூடேறிப் புகையும்.

பழைய டைனமோ கார்களுக்கு மலைப்பாதை தனிச் சோதனை. 1967 வரையான எம்ஜிபியில் உள்ள சி40 டைனமோ, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதே 22 ஆம்பியர்தான் தரும்; மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் தராது. ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளைக்கு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் பெட்டரியையே உறிஞ்சும். 100 வாட் பல்ப் போடும் ஆசை இங்கே வேண்டாம். ரிலே வைத்து, தடித்த வயரில், தனிப் பியூஸ் வழியே ஹெட்லைட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் பழைய பல்பே நன்றாக எரியும். எம்ஜிபியின் ஹெட்லைட்டுக்குத் தொழிற்சாலை பியூஸே வைக்கவில்லை என்பதால் இது இரட்டை நன்மை.

பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை விட்டேயாக வேண்டும். லூகாஸின் 35 என்ற கண்ணாடிப் பியூஸ் தொடர்ச்சியாக 17 ஆம்பியரே தாங்கும். 35 என்பது அது எரியும் அளவு. வேறு வகைப் பியூஸில் அதே 35, தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிக்கலாம். அதைப் போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும்.

வேலைக்கு வரும் வயரிங் பாஸ், கோளாறு பிடிபடாமல் கையில் கிடைத்த நிறத்தில் ஒரு புது வயரை இழுத்துவிட்டுப் போவதை அனுமதிக்கக் கூடாது. பத்து வருடம் கழித்துத் திறப்பவருக்கு அது காடு. லூகாஸின் நிறங்களுக்கு அர்த்தம் உண்டு. கபிலம் எப்போதும் மின்சாரம் உள்ள வயர், வெள்ளை சாவி போட்டால் வருவது. இரண்டுக்கும் பியூஸ் கிடையாது. பச்சை சாவியோடு வந்து பியூஸைக் கடப்பது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பின்விளக்கு, கறுப்பு எர்த். கபிலமும் வெள்ளையும் எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் நல்லதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். எம்ஜி டிசி போன்ற 1940களின் கார்களில் நூல் சுற்றிய ரப்பர் உறை கச்சானில் காய்ந்து வெடித்திருக்கலாம்; வளைத்தால் உதிரும் வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிட வேண்டும். எலி கடித்த தடமும் பெரும்பாலும் அந்தச் சுவர்த் துளையருகேதான் இருக்கும்.

புதுப் பெட்டரி வாங்குபவர்கள் எந்தக் கம்பம் தகட்டுக்குப் போகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 1967 வரையான எம்ஜிபி நேர்முனை எர்த். அதற்குப் பிந்தியது எதிர்முனை. இடையில் யாரோ மாற்றியிருக்கலாம் என்பதால் ஆண்டை மட்டும் நம்ப முடியாது. ஆல்டனேட்டர் உள்ள காரில் முனைகளை மாற்றிக் கொடுத்தால் அதன் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும்.

இத்தனையிலும் ஒன்றுக்குத்தான் இந்த மாதம் காசு இருக்கிறது என்றால், பெட்டரியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்றை வாங்கி எர்த் கேபிளில் பூட்டுவது நல்லது. டாஷ்போர்டில் புகை கிளம்பும்போது, மழையில் இருக்கையைத் தள்ளி, மூடியைத் திறந்து, ஸ்பேனர் தேட நேரமிருக்காது. சாரதியின் கை எட்டும் இடத்திலேயே அதைப் பூட்டச் சொல்ல வேண்டும். இரவில் கராஜில் விடும்போதும் அதை அணைத்துவிடலாம்.