கப்பல் சமையலுக்குப் போகுமுன்

மொனராகலையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் ஆலோசனை கேட்டார். கடைச் சமையல்காரத் தம்பிக்குக் கப்பலில் வேலை எடுத்துத் தர ஒரு முகவர் இரண்டு இலட்சம் கேட்கிறாராம். தம்பி கடன் வாங்கப் பார்க்கிறார்.

கொடுக்க வேண்டாம் என்றேன். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. வேலை பெற்றுத் தருவதற்காகக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் அறவிட அது இடமளிப்பதில்லை. கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் இவற்றின் செலவே அவருடையது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளரைச் சேர்ந்தது.

சமையல்காரருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முறையான பயிற்சித் தகைமையும் வேண்டும். கைப்பக்குவம் மட்டும் போதாது. கடையில் தேங்காய் முடிந்தால் பக்கத்துக் கடைக்குப் பொடியனை அனுப்புகிறோம். நடுக்கடலில் யாரிடம் அனுப்புவது? அரிசி, மா, மரக்கறி எல்லாம் அடுத்த துறைமுகம் வரை காண வேண்டும். கீரையை முதலில் முடித்து, கிழங்கையும் பூசணியையும் பின்னுக்கு வைக்கத் தெரிய வேண்டும். ஊழியர்களின் மார்க்கத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற உணவு கொடுக்க வேண்டும் என்பதும் அந்த உடன்படிக்கையில் உண்டு. களஞ்சியத்தையும் சமையலறையையும் கப்டன் பார்வையிட்டுப் பதிவார். (நம் கடைகளில் இது நடந்தால் எத்தனை பேர் தேறுவோம்?)

முகவர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்பதைக் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.