நீர் அறுத்த பள்ளம்

கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்குப் பள்ளம் புதிதன்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் ஆழ்ந்திருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த எம் முன்னோர் கைகள் குடைந்த பள்ளம் அது. கை குடைந்ததை அறிந்த நான், நீர் குடைந்ததையும் காண விரும்பினேன். ஆகவே, சென்ற தை மாதத்தில் ஒரு நாள், நண்பர் எண்மர் விடியுமுன் வேனில் ஏறி, மதனப்பள்ளி, கதிரி வழியாகக் கண்டிக்கோட்டை சென்றோம்.

கடப்பை மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு ஓடுகிறது வடபெண்ணை. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலைப்பிளவு. பிளவின் விளிம்பில் நிற்பதால் கோட்டைக்கு அப்பெயர். அவ்வாறு பிறப்பது எங்கே தெரியுமா? எங்கள் பழைய கோலார் மாவட்டத்தில், நந்தி மலைப் பக்கத்தில்! 2007-இல் அப்பகுதி சிக்கபள்ளாப்பூர் மாவட்டமாயிற்று. கடலூரில் கடலைச் சேரும் தென்பெண்ணையும் அம்மலைப் பக்கத்ததே. அக்கை வறண்ட சீமைக்குப் போனாள். தங்கை தமிழகத்துக்கு வந்தாள்.

இவ்விடம் முழுப் பாலைவனமன்று. மழை குறைந்த பூமி. பின் நீர் எவ்வாறு பாறையை அறுத்தது? மூன்று காரணங்களை நினைவிற் கொள்க. ஒன்று, பாறையின் அமைப்பு. பழங்கடல் மணல் இறுகிக் குவார்ட்சைட் ஆயிற்று. அது கிடையாக அடுக்கடுக்காகவும், செங்குத்தாகப் பிளவுபட்டும் உள்ளது. இரண்டு, வெள்ளத்தின் வேகம். செடிகொடி குறைந்த நிலத்தில் மழைநீர் ஊறாமல் ஓடுகிறது. ஓடும்போது மணலையும் கல்லையும் ஏந்தி அரம்போல் அராவுகிறது. மூன்று, காலம். அடி அரிக்கப்பட்டதும் மேலடுக்கு பிளவு வழியே பெயர்ந்து விழும். ஆதலால்தான் சுவர்கள் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கின்றன.

எங்கள் வழிகாட்டி உள்ளூர்ப் பெரியவர். ஒரு நண்பன் படமெடுக்க விளிம்புக்குச் சென்றான். பெரியவர் அவன் கையைப் பற்றி இழுத்தார். பிறகு ஒரு கல்லால் அப்பாறையைத் தட்டினார், பொள்ளென்று ஒலித்தது. அருகிருந்ததைத் தட்டினார், கணீரென்றது. என் உடல் சிலிர்த்தது. சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் இரும்புக்கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்களென்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். "கணீரென்றால் நில், பொள்ளென்றால் விலகு" என்பார். பள்ளிக்கூடம் காணாத இருவருக்கும் பாறை ஒரே பாடத்தைச் சொல்லியிருக்கிறது!

வழிகாட்டி எதற்கு என்பார்க்கு மற்றொரு செய்தி. அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ மக்கள் நிலத்தில் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு உள்ளது. 1997 ஆகஸ்ட் 12-இல், மைல்களுக்கு அப்பால் பெய்த மழை வெள்ளமாகப் பாய்ந்து, குறுகிய பிளவுக்குள் இருந்த பதினொருவரைக் கொண்டுபோயிற்று. மேலே பார்த்த வானத்தை மட்டும் நம்புதல் அங்கே போதாது. ஆற்றின் மேற்பகுதியிலும் மழை உண்டா என்று அறிந்தவனைக் கேட்க வேண்டும். சிறு கூட்டமாகச் செல்வதன் பயனும் இதுவே: வழிகாட்டியின் குரல் கடைசி ஆளுக்கும் எட்டும்.

இரவு ஊர் திரும்பினோம். மறுநாள் காலை வீட்டு வாயிலில் நின்று சயனைடு மேட்டைப் பார்த்தேன். தங்கம் எடுத்தபின் கொட்டிய அரைகல் மண் அது. ஒவ்வொரு மழையும் அதில் வாய்க்கால் அறுக்கிறது, குட்டிக் கண்டிக்கோட்டைகள்! சிறுவனாக அதில் சறுக்கி விளையாடினேன்; ஏன் அறுபடுகிறது என்று கேட்டதில்லை. அங்கே பாறையை அறுக்க யுகங்கள் ஆயின. இங்கே தளர்ந்த மண்ணை அறுக்க ஒரு மாரி போதும். அறுத்த மண் தாழ்ந்த வயலுக்கும் ஏரிக்கும் போகிறது. மேட்டில் புல்லும் மரமும் வேரூன்றினால் அந்த ஓட்டம் தணியும். இதுவும் கண்டிக்கோட்டை கற்பித்த பாடமே.

நண்பர்களே, தொலைவிலுள்ள பள்ளத்தைச் சென்று காணுங்கள். திரும்பி வந்து உங்கள் தெருமுனை ஓடையையும் பாருங்கள்.