கால்வாய்க்கு அந்தப் பக்கம் வண்டி நின்னா?

வண்டி நின்னா நம்ம ஆட்டோமொபைல் மூளை உடனே எஞ்சினுக்குள்ள போயிடும். கொஞ்சம் வெளியே வாங்க.

லண்டனில் ஒரு கம்பெனி. கண்காட்சிக்குச் சாமான் ஏற்றிய டீசல் வேன், சுரங்க ரயிலில் கலே வந்து இறங்கி, பிரான்ஸின் ஏ26 மோட்டார்வேயில் ரீம்ஸ் நோக்கிப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. நடுவழியில் எஞ்சின் கட். லண்டன் ஆபீஸில் வேன்களைக் கவனிக்கிற ஆள் நீங்க. டிரைவர் போன் பண்றார். முதல்ல என்ன சொல்வீங்க?

"போனட்டைத் திறந்து பாருங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆட்களை இறக்குறதுதான் முதல் வேலை. எந்தக் கதவு வழியா இறங்குறது? பிரான்ஸில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஓரம் கட்டினதும் வலப்பக்கம்தான். பிரிட்டிஷ் வேனில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தானே? அதனால டிரைவர் பத்திரமான பக்கம் இறங்கிடுவார். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் கதவைத் திறந்தா நேரா லாரிகள் முன்னாடி! அவர் நகர்ந்து வந்து டிரைவர் கதவு வழியாத்தான் இறங்கணும். சாமான் ஏற்றும் பக்கவாட்டுக் கதவும் பெரும்பாலான பிரிட்டிஷ் வேன்களில் இடப்பக்கம்தான் இருக்கும், அதையும் தொடக் கூடாது. அதனாலதான் ஒளிரும் ஜாக்கெட்டைச் சாமானோட சாமானா பின்னாடி போடாம, சீட் பக்கத்திலேயே வைக்கணும். 2008 முதல் பிரான்ஸில் அது கட்டாயம். இல்லைன்னா 135 யூரோ அபராதம். எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருக்கணும். ஆனா மோட்டார்வேயில் அதை வைக்க நடந்து போறது ஆபத்துன்னா வைக்க வேண்டாம், சட்டமே விட்டுக்கொடுக்குது. எல்லாரும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிக்கட்டும்.

அடுத்து மீட்பு வண்டி. கம்பெனி காசு கட்டி எடுத்திருக்கும் பிரேக்டவுன் சேவையால் அந்த மோட்டார்வேக்குள் நேரடியா ஆள் அனுப்ப முடியாது. அனுமதி பெற்ற இழுவை வண்டிகள் மட்டும்தான் அங்கே வரலாம். ஓரத்தில் இருக்கும் ஆரஞ்சு நிற அவசர போனில் கூப்பிடணும். எந்த இடம்னு அதுவே காட்டிக்கொடுத்திடும். போன் தூரமா இருந்தா 112. கட்டணத்தை அரசு நிர்ணயிச்சிருக்கு, பேரம் பேச வேண்டியதில்லை. ரசீதை மட்டும் விடாதீங்க, அது இல்லாம பணத்தைத் திரும்பக் கேட்கிறது கஷ்டம். வேன் மோட்டார்வேயை விட்டு வெளியே வந்த பிறகுதான் உங்க சேவைக்காரங்க வேலை ஆரம்பிக்கும்.

இப்ப எஞ்சினுக்கு வரலாம். பங்க்கில் 'கசோல்'னு எழுதியிருந்தா அது டீசல். பேரைப் பார்த்துப் பெட்ரோல்னு நினைச்சு, பக்கத்துக் குழாயை எடுத்துச் சொருகினா வம்பு. டீசல்தான் ஹை பிரஷர் பம்ப்புக்கு மசகு. பெட்ரோல் கலந்தா உள்ளே உலோகம் உலோகத்தோட உரசும். தப்பா அடிச்சது தெரிஞ்சா சாவியையே திருப்பாதீங்க. டேங்க்கில் இருக்கும் பம்ப் ஓடி, கலவையை லைன் முழுக்க அனுப்பிடும். இன்னொரு சந்தேகம் ஆட்புளூ. புகையைச் சுத்தம் பண்ற 32.5 சதவீத யூரியா கரைசல் அது. தீர்ந்துபோச்சுன்னா ஓடிட்டிருக்கும் வண்டி ஓடும். டீ குடிக்க நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்கே தேவையில்லாத பிரேக்டவுன் இது.

கண்காட்சி முடிஞ்சு திரும்பும்போது வண்டி படுத்தா இன்னொரு சிக்கல். சாமானை வேற வேனில் மாத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா பிரிட்டிஷ் சுங்கப் பதிவில் பழைய வேனோட நம்பர்தானே இருக்கு? மாற்று வேன் எல்லைக்கு வர்றதுக்குள்ள ஆபீஸில் உட்கார்ந்து அதைத் திருத்தணும். பொருட்களுக்குத் தற்காலிக அனுமதிப் புத்தகம் எடுத்திருந்தா அதுவும் சாமானோடவே பயணம் பண்ணணும். கராஜில் நிக்கிற பழைய வேனின் டேஷ்போர்டுக்குள்ள அதை விட்டுட்டு வந்துடாம இருக்க, டிரைவரை அங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.