பிள்ளையார்பாளையத்து இளம் டிசைனருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தம்பிக்குக் கடிதம் எழுதுவது காஞ்சிபுரத்துக்குப் புதிதில்லை. அண்ணா அதை ஊருக்கே வழக்கமாக்கிவிட்டுப் போனார். இது அரசியல் கடிதம் அல்ல, தொழில் கடிதம். பெரிய காஞ்சிபுரத்தில் கிராஃப் தாளில் புட்டா போட்டுப் பழகும் பிள்ளைகளிடம் இப்போது ஒரே பேச்சு: ஏஐ நொடியில் யாளி வரைந்து தருகிறது, மாதச் சந்தா கட்டிவிட்டு பென்சிலை எடுத்து வைத்துவிடலாமா?

பென்சிலை வைப்பதற்கு முன்னால் ஜரிகையைக் கொஞ்சம் நினைத்துப் பார். காஞ்சிபுரம் பட்டுக்கான புவிசார் குறியீட்டின்படி ஜரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். கடையில் ‘அசல்’ என்று சொல்லி விற்பதெல்லாம் இந்தக் கணக்கில் நிற்குமா என்பது வேறு கதை. ஆனால் சந்தேகம் வந்தால் வழி உண்டு. சுரண்டினால் வெள்ளி தெரிகிறதா, செம்பு தெரிகிறதா என்று கண்ணே சொல்லிவிடும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இயந்திரத்தில் வைத்து எத்தனை சதவீதம் என்று பார்த்துவிடலாம். ஏஐ கம்பெனிகள் விற்கும் சரக்குக்கு அப்படி ஒரு சோதனை இன்னும் அமையவில்லை.

சுரண்டிப் பார்த்த சில இடங்களில் செம்பு தெரிந்திருக்கிறது. லண்டனில் இருந்த பில்டர்.ஏஐ கம்பெனி, ‘நடாஷா’ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொண்டு பீட்சா ஆர்டர் செய்வதுபோல் எளிதாக ஆப் செய்து தருவதாக விளம்பரம் செய்தது. மைக்ரோசாஃப்ட் பணம் போட்டது, கத்தார் அரசின் முதலீட்டு நிதியும் போட்டது. மொத்தம் 44 கோடி டாலருக்கு மேல் திரண்டது. வேலையில் பெரும்பகுதியை இந்தியாவிலும் பிற இடங்களிலும் உள்ள பொறியாளர்களே செய்கிறார்கள் என்று 2019-லேயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2025 மே மாதம் கம்பெனி திவாலானது. 700 இந்தியர்கள் ஏஐ வேடம் போட்டார்கள் என்று அப்போது பரவிய கதையை முன்னாள் ஊழியர்கள் மறுத்தார்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக நீயும் அதைப் பரப்பாதே. கம்பெனியைக் கவிழ்த்தது வரவுக் கணக்கு. 2024 விற்பனை 22 கோடி டாலர் என்று கடன் கொடுத்தவர்களிடம் சொல்லியிருந்தார்கள். தணிக்கையில் தேறியது அதில் கால்பங்கு அளவுதான்.

இது ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. பயன்படுத்தாத ஏஐ-யைப் பயன்படுத்துவதாகச் சொல்லி முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் டெல்ஃபியா, குளோபல் பிரெடிக்‌ஷன்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு 4 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. புத்தகம் எழுதியவர்களின் நிலையும் மோசம்தான். திருட்டு நூலகத் தளங்களிலிருந்து புத்தகங்களை இறக்கிய வழக்கில், 150 கோடி டாலர் தர 2025-இல் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி சம்மதித்தது. சுமார் 5 லட்சம் புத்தகங்கள் அந்தக் கணக்கில் வருகின்றன. நம் ஊர் மாங்காய் பார்டரும் இருதலைப்பட்சியும் எங்கிருந்து அந்த இயந்திரங்களுக்குள் போயின என்று கேட்க நமக்கு ஒரு வழக்கறிஞரும் இல்லை.

இப்போது சந்தா விவகாரம். மாதம் 200 டாலர் திட்டத்தில்கூட நட்டம்தான் வருகிறது என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜனவரியில் எழுதினார். அந்த நிறுவனம் 2024-இல் சுமார் 500 கோடி டாலர் இழந்ததாகப் பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. நட்டத்துக்கு விற்பவன் ஒருநாள் விலையை ஏற்றுவான், இல்லை கடையை மூடுவான். அன்றைக்கு கிராஃப் போடத் தெரியாத டிசைனர் என்ன செய்வார்?

மின்சாரமும் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. உலகத் தரவு மையங்கள் 2024-இல் 41,500 கோடி யூனிட் மின்சாரம் குடித்தன. 2030-இல் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல், ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன சென்னை ஓ.எம்.ஆர். பக்கமும் நம் மாநிலத்தின் தரவு மையங்கள் எழும்புகின்றன.

அப்படியானால் தொடவே கூடாதா? தொடலாம். நிறச்சேர்க்கை பார்க்க, வாடிக்கையாளருக்கு ஒரு மாதிரி காட்ட, அது நல்ல கருவி. ஆனால் அது வரைந்த மயிலைக் கட்டத்தில் இறக்கிப் பார். அப்போதுதான் வண்டவாளம் தெரியும். தறியின் 240 கொக்கி ஜக்கார்டு பெட்டிக்குள் அது அடங்காது. தோகையில் நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து, ஒரே ஊடைக்கு ஏழு நிறம் கேட்கும். ஜரிகை கட்டில்லாமல் நீளமாக மிதந்து, கட்டியவளின் வளையலில் மாட்டும். கரையை உடலோடு கோக்கும் கோர்வை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும், கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அந்தப் படத்துக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், இல்லையென்றால் தறியில் உட்கார்ந்து தெரிந்துகொள்.

சந்தாவை மாதம் மாதம் கட்டு, வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதே. உன் டிசைன்களையும் அட்டைகளையும் உன் கையில் வைத்திரு, அவர்கள் சர்வரில் மட்டும் விட்டுவைக்காதே. வாங்கும் மென்பொருளில் எது இயந்திரம் செய்தது, எது ஆள் செய்தது என்று விற்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கு. பதில் சொல்லாதவரிடம் வாங்காதே.

கடைக்காரர் புடவைச் சீட்டில் ‘ஏஐ டிசைன்’ என்று போடச் சொன்னால் மறுத்துவிடு. நெய்தவரின் படத்தையும் விவரத்தையும் சேர்த்தே பட்டுப்புடவை விற்கலாம் என்று கோ-ஆப்டெக்ஸ் செய்து காட்டியிருக்கிறது. அந்தச் சீட்டில் நெய்தவர் பெயருக்குக் கீழே கிராஃப் போட்டவர் பெயரையும் போடச் சொல்லிக் கேள்.