பொது அலுவலகத்தில் ஒரு மேசை
எல்லையோரத்தில் நிதி ஆலோசனைத் தொழில்: தொடங்குவோரும் அமர்த்துவோரும் அறிய வேண்டியவை



கணக்குப்பிள்ளை நம் கடைக்கே வந்து, கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து பேரேடு எழுதிய காலம் ஒன்று உண்டு. பிறகு பில்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்கு நாம் போனோம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளே பி.காம்., எம்.காம். படித்துவிட்டு, மடிக்கணினியும் கையுமாகச் சொந்தமாக ஆலோசனைத் தொழில் தொடங்குகிறார்கள். தனி அறை பிடித்துப் பெரிய அட்வான்ஸ் கொடுக்க இயலாதவர்கள் 'கோ-ஒர்க்கிங்' எனப்படும் பொது அலுவலகத்தில் மாத வாடகைக்கு ஒரு மேசை எடுத்துக்கொள்கிறார்கள். மின்சாரம், இணையம், வாடிக்கையாளருடன் பேச ஓர் அறை எல்லாம் அதில் அடக்கம்.

இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேசையைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள முடியாது. அதிலும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இருக்கும் நமக்கு மாநில எல்லை என்ற கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அதை முதலில் பார்ப்போம்.

மேசை எந்த மாநிலத்தில்?

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதற்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டி. 1.7.2017 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. ஆனால் எல்லை போய்விடவில்லை. அது நம் பில்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம்.

ஒரு கணக்குப் போடுவோம். மேசை வாடகை மாதம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 1,080 ரூபாய். 33-இல் பதிவு பெற்றவர் ஓசூரிலேயே மேசை எடுத்தால், தம் எண்ணைப் பில்லில் போட்டு வாங்கி, அந்த 1,080 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதே மேசையை எலக்ட்ரானிக் சிட்டியில் எடுத்தால், கட்டடம் இருக்கும் மாநிலமே வரிக்குரிய இடம் என்பதால் பில்லில் மத்திய வரியோடு கர்நாடக வரி ஏறும். அது 33-ஆம் எண்ணின் கணக்குக்கு வராது. ஆண்டுக்கு 12,960 ரூபாய் கைநஷ்டம். அங்கேயே நிலையாக அமர்ந்து தொழில் செய்வதானால், பதிவுக்குரிய வரவு வந்ததும் 29-இல் பதிவு பெற வேண்டிய நிலையும் வரும்.

பில் போடும் முறை

ஓசூர் ஆலோசகர் கிருஷ்ணகிரி வியாபாரிக்கு 10,000 ரூபாய் கட்டணப் பில் போட்டால் மத்திய வரி 900, மாநில வரி 900. அத்திப்பள்ளியில் பதிவு பெற்ற வியாபாரிக்குப் போட்டால் ஐ.ஜி.எஸ்.டி. 1,800. மொத்தம் ஒன்றுதானே என்று அலட்சியம் கூடாது. தலைப்பு மாறினால் வாடிக்கையாளருக்கு வரவு கிடைக்காது. ஆலோசகர் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும்.

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். கர்நாடகத்தில் வாடிக்கையாளர் இருப்பதால் மட்டும் இந்த வரம்பு மாறாது. சரக்குக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஓசூர்க் கடைக்காரர் அத்திப்பள்ளிக்குச் சரக்கு அனுப்பி விற்றால், தொகை சிறிதானாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநில விற்பனையே செய்யக் கூடாது. எல்லையோர ஆலோசகர் தம் வாடிக்கையாளருக்கு முதலில் சொல்ல வேண்டிய பாடம் இது.

முகவரிக்குச் சான்று

பொது அலுவலக முகவரியில் பதிவு பெறலாம். வாடகை ஒப்பந்தம் அல்லது சம்மதக் கடிதம், கட்டட உரிமையாளர் பெயரில் உள்ள மின் கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீது ஆகியவை தேவை. ஒப்பந்தத்தில் மேசை எண்ணோ அறை எண்ணோ இருப்பது நல்லது. அதிகாரி நேரில் பார்வையிட வரலாம். பதிவுச் சான்றிதழை மாட்டவும், பெயர்ப் பலகையில் ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டவும் இடம் உண்டா என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முகவரியை மட்டும் வாடகைக்கு வாங்கி வேறெங்கோ இருப்பவரின் பதிவு ரத்தாக இடமுண்டு.

எதைச் சொல்ல யாருக்கு உரிமை?

'நிதி ஆலோசகர்' என்று பலகை மாட்டிவிட்டால் எல்லாம் சொல்லிவிட முடியாது.

1. வருமான வரித் தணிக்கை அறிக்கையில் பட்டயக் கணக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம். வியாபாரத்துக்கு விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டினால் இத்தணிக்கை வரும்; ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்கு மேற்படாதவர்களுக்கு வரம்பு 10 கோடி.

2. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலையை வணிகவியல், சட்டம் போன்ற பட்டம் பெற்று 'ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர்' எனப் பதிவு செய்தவர் செய்யலாம். இதற்குத் தேர்வும் உண்டு.

3. பங்கு, மியூச்சுவல் ஃபண்டு பற்றிக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல, 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி செபியில் முதலீட்டு ஆலோசகர் பதிவு வேண்டும். ஃபண்டு விற்றுக் கமிஷன் பெறும் விநியோகஸ்தர் வேறு. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும், விற்பனைக் கமிஷனும் சேர்த்து வாங்கக் கூடாது.

ரகசியமும் கடவுச்சொல்லும்

பொது அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் உங்கள் போட்டியாளரின் கணக்கைப் பார்ப்பவராகவும் இருக்கலாம். வாடிக்கையாளரின் கொள்முதல் விலையையும் கடன் பாக்கியையும் அறைக் கதவை மூடிப் பேச வேண்டும். பொதுப் பிரிண்டரில் எடுத்த தாளை அப்படியே விட்டுவரக் கூடாது. காகிதங்களுக்குப் பூட்டுள்ள அலமாரி வேண்டும்.

வியாபாரிகள் தரப்பிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் கைப்பேசி எண், மின்னஞ்சல் இரண்டையும் ஆலோசகருடையதாகவே பதிந்துவிடுகிறோம். அவர் ஒரு நாள் மேசையைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் போய்விட்டால் என்ன ஆகும்? நோட்டீஸ் அவருக்குப் போகும், நமக்குத் தெரியாது. மாதாந்திர ரிட்டர்ன் தொடர்ந்து 6 மாதம் தாக்கலாகாவிட்டால் பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. நம்மிடம் சரக்கு வாங்கியவர்களுக்கு வரவு கிடைக்காமல், அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ரத்தான பதிவை மீட்க, உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த உத்தரவும் நம் கண்ணில் பட்டால்தானே!

ஆகவே ஆலோசகரை அமர்த்தும்போது கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

- அவருடைய பதிவு எது, எண் என்ன?
- மேசை வாடகை ஒப்பந்தம் எதுவரை? இடம் மாறினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்?
- நம் கைப்பேசி எண்ணே தளத்தில் பதிவாகியுள்ளதா?
- ரிட்டர்ன் தாக்கலானதும் ஒப்புகைச் சீட்டு நம் கைக்கு வருமா?
- கணக்கின் பிரதி நம் கணினியிலும் உள்ளதா? ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கும் கடமை நம்முடையது.

இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் நம்பிக் கணக்கைக் கொடுக்கலாம். தொழில் தொடங்கும் இளைஞர்களும் வாடிக்கையாளர் கேட்கும் முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார்களானால், அவர்கள் அமர்ந்திருப்பது வாடகை மேசையே ஆனாலும் தொழில் நிலைத்து நிற்கும்.