சோள மணியின் தற்காப்புப் புரதங்கள்

களஞ்சியத்திலுள்ள சோள மணிகளில் மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம் படிவதைக் கமக்காரர் கண்டிருப்பர். அசுப்பெர்சிலசு பிளேவசு என்னும் பங்கசே இது. அமிலேசு என்னும் நொதியத்தைச் சுரந்து, மணியின் மாப்பொருளைக் கரைத்து உண்கின்றது.

மணியும் வாளாவிருப்பதில்லை. அதிலுள்ள கைற்றினேசு என்னும் புரதம் பங்கசின் சுவரைச் சிதைக்கும்; சேமற்றின் மென்சவ்வைத் துளைக்கும்; திரிப்சின் தடுப்புப் புரதம் பங்கசு அமிலேசை உண்டாக்குவதைக் குறைக்கும். நோயை எதிர்க்கும் இனங்களில் இத்தடுப்புப் புரதம் மிகுதியாயுள்ளது.

எனினும், உடைந்த மணியிலும் பூச்சி துளைத்த மணியிலும் இக்காவல் குன்றிவிடும். அப்போது பங்கசு விளைவிக்கும் அபிளாரொட்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சாகும். சமைத்தாலும் முற்றாக அழியாது.

ஆகவே, பழுதற்ற மணிகளைத் தெரிந்து, ஈரப்பதன் 13 சதவீதமாகும்வரை உலர்த்திச் சேமித்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்தவற்றைக் கோழிகளுக்கும் இடலாகாது.