பகிர்வுக் கோப்புறைப் பாதைகளும் தமிழ்க் கோப்புப் பெயர்களும்

பலர் கூடி உருவாக்கும் சொல்லடைவுத் தரவுகள் இன்று மேகக்கணிக் கோப்புறைகளில் பகிரப்படுகின்றன. ஒருவர் கணினியில் இயங்கும் நிரல் மற்றொருவர் கணினியில் கோப்பைக் காணாது நின்றுவிடின், ஆய்வு முடிவைச் சரிபார்த்தல் இயலாது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பிரிகுறி. விண்டோஸ் பின்சாய்கோட்டையும், லினக்ஸ், மேக் ஆகியன முன்சாய்கோட்டையும் இயல்பாகக் கொள்கின்றன. பைத்தான் 3.4 பதிப்பில் (2014) இணைந்த பாத்லிப் நூலகம் இவ்வேறுபாட்டைத் தீர்க்கிறது.

இரண்டாவது, இருப்பிடம். பகிர்வுக் கோப்புறை அமையும் இடம் பயனர்தோறும் மாறும். ஆதலின் அதனை நிரலில் எழுதாது, சூழல் மாறியிலிருந்து பெற்று, எஞ்சிய பாதையை அதனோடு இணைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ் எழுத்தைச் சார்ந்தது. 'சொல்' என்பதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் எழுதியவாறே காக்கிறது. எனவே கோப்புறையிலுள்ள பெயரையும் தேடும் பெயரையும் என்எஃப்சி எனும் சேர்ப்பு வடிவிற்கு மாற்றிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

இம்மூன்றும் பேணப்படின், ஒரே நிரல் ஒரே தரவினை எக்கணினியிலும் திறக்கும்.